அரியலூரில் இறங்கி ஒரு நாள்: வேனில் போவதா, பஸ்ஸில் போவதா?

மதுரையிலோ திண்டுக்கல்லிலோ காலையில் வைகை எக்ஸ்பிரஸ் ஏறினால் முற்பகலில் அரியலூரில் இறங்கிவிடலாம். சென்னையிலிருந்து திரும்பும் வைகை மாலையில் அரியலூர் வரும்போது ஏறிக்கொண்டால் ராத்திரி வீடு. இடையில் ஏழு மணி நேரம் போலக் கையில் கிடைக்கிறது. (அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும், கிளம்புமுன் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.)

அந்த ஏழு மணி நேரத்தை என்ன செய்வது? ஆள் சேர்த்து, வேன் பேசி, எந்த இடம் எத்தனை மணிக்கு என்று நிரல் போட்டு அழைத்துப் போகிறவர்களோடு சேர்ந்துகொள்வதா? அல்லது ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து நாமாகவே பஸ் பிடித்துப் பார்ப்பதா? இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இது உல்லாசக் கப்பலில் போகிறவர்களுக்கும் வரும் கேள்வி. 2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் சுற்றுலாக் கப்பல் விட்டார்கள். அம்பாந்தோட்டை, திருகோணமலை என்று நின்றது. கரையில் இறங்குகிறவருக்குச் சில மணி நேரம்தான். கப்பல்காரர்களே ஏற்பாடு செய்யும் பஸ்ஸில் போகலாம், தனியாக ஆட்டோ பிடித்தும் போகலாம். உலகமெங்கும் கப்பல்களில் ஒரு வழக்கம் உண்டு: கப்பலே நடத்துகிற சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர் பிந்தினால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு அவர் தன் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான். அதனாலேயே பலர் கூடுதல் பணம் கொடுத்துக் கப்பல்காரர்களோடு போகிறார்கள்.

அரியலூரில் அந்தக் கணக்கு செல்லாது. ரயில் யாருக்காகவும் நிற்காது, வேனில் வந்தவருக்கும் நிற்காது, பஸ்ஸில் வந்தவருக்கும் நிற்காது. ஆகவே வேன் சுற்றுலாவுக்குப் பணம் கொடுக்குமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: திரும்பிப் போகிற உத்தரவாதம் இதில் இல்லை, வேறு எதற்காகக் கொடுக்கிறேன்?

இரண்டு காரணம்தான் நியாயமானவை. ஒன்று, பஸ் போகாத இடத்துக்கு வண்டி போகும். இரண்டு, விவரம் தெரிந்தவர் ஒருவர் கூட வருவார். நீங்கள் போகிற இடத்துக்கு இந்த இரண்டும் தேவையில்லை என்றால் வேன் தேவையில்லை. இரண்டில் ஒன்று தேவைப்பட்டாலும் வேனையோ காரையோ யோசிக்கலாம். இடத்துக்கு இடம் பதில் மாறும் என்பதால் இடங்களைப் பார்த்துவிடுவோம்.

அரியலூர், பெரம்பலூர் பக்கம் அப்படி என்ன இருக்கிறது?

சிமென்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் லாரிகளும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தச் சுண்ணாம்புக்கல் எப்படி வந்தது என்று கேட்டால் விஷயம் பெரிதாகிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலத்தின் பெரும்பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. அந்தக் கடலின் சிப்பிகளும் நத்தைகளும் மற்ற உயிர்களும் இன்று புதைபடிவங்களாக (மண்ணுக்குள் புதைந்து கல்லாக மாறிப்போன பழைய உயிர்களின் உடல்கள்) கிடக்கின்றன. அந்தக் கடல் விட்டுப்போன தரையில்தான் பிற்பாடு ராஜேந்திர சோழன் தலைநகரம் கட்டினான். பழுவேட்டரையர்கள் கோயில் எடுத்தார்கள். வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சியில் மாதா கோயில் கண்டார். ஆற்காட்டு நவாப் காலத்து ஜாகீர்தார் ரஞ்சன்குடியில் கோட்டை கட்டினார்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

முடியாது. முடியும் என்று சொல்லி நோட்டீஸ் கொடுப்பவர்களை நம்ப வேண்டாம். கங்கைகொண்ட சோழபுரம் அரியலூருக்குக் கிழக்கே ஜெயங்கொண்டம் தாண்டி, நாற்பத்தைந்து கிலோமீட்டர் போல. சாத்தனூர்க் கல்மரம் மேற்கே பெரம்பலூர் மாவட்டத்தில். கரைவெட்டி ஏரியும் பழுவூரும் தெற்கே தஞ்சாவூர் சாலைப் பக்கம். சிறுவாச்சூரும் ரஞ்சன்குடியும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில். ஒரு நாளுக்கு ஒரு திசை என்று வைத்துக்கொண்டால் நிதானமாகப் பார்க்கலாம். இரண்டு திசை என்றால் பாதி நாள் ஜன்னலோரத்திலேயே போய்விடும்.

கிழக்குத் திசை: கங்கைகொண்ட சோழபுரம்

பெரும்பாலானவர்கள் இதற்காகத்தான் வருகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் வந்தேன், ஒரு வேன் சுற்றுலாவில். வாசலில் இறக்கிவிட்டு, "நாப்பது நிமிஷம் சார், ஹாரன் அடிச்சா வந்துடணும்" என்றார் அழைத்து வந்தவர். பெரிய நந்தியைப் பார்த்தோம், வரிசையில் நின்று சுவாமி கும்பிட்டோம், விமானத்தின் (கருவறைக்கு மேல் எழும் கோபுரம்) முன்னால் குடும்பமாகப் படம் எடுத்தோம். ஹாரன் அடித்துவிட்டது. கோயிலின் வடக்குப் பக்கம் நாங்கள் போகவே இல்லை. அங்கேதான் சண்டேச அனுக்கிரக மூர்த்தி (அடியார் சண்டேசருக்கு அருள்செய்யும் சிவன்) இருக்கிறார் என்பது வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.

அடுத்த முறை பஸ்ஸில் வந்தேன். அந்த ஒரு சிற்பத்தின் முன்னாலேயே அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். வடக்குப் படிக்கட்டின் ஓரம் சிவனும் பார்வதியும் அமர்ந்திருக்கிறார்கள். கீழே சண்டேசர் கை கூப்பி இருக்கிறார். சிவன் கொஞ்சம் குனிந்து அவர் தலையில் பூமாலையைச் சுற்றிக் கட்டுகிறார். குழந்தைக்குத் தலைவாரிப் பூ வைக்கும் தகப்பனின் கை எவ்வளவு மெதுவாக இயங்குமோ, அவ்வளவு மெதுவு அந்தக் கல்லில் தெரிகிறது. கிரீடம் வைத்த பேரரசன் ஒருவன் கட்டிய கோயிலில் இப்படி ஒரு முடிசூட்டல் இருப்பது தற்செயல் இல்லை என்று அறிஞர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். ராஜேந்திரன் தன்னையே அங்கே சண்டேசராகக் கண்டிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அதே படிக்கட்டின் மறுபக்கம் சரஸ்வதி. அவளையும் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் நின்று பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் நேர்கோட்டில் கூம்பிக்கொண்டே போகும். இங்கே அது உள்வாங்கி வளைந்து மேலே போகிறது. மகன் ராஜேந்திரன் அப்பா ராஜராஜனைவிட உயரமாகக் கட்டவில்லை, வளைவாகக் கட்டினான். ஒரு மூலையில் நின்று தலையை அண்ணாந்து அந்த வளைவைக் கண்ணால் பிடிக்கக் கொஞ்ச நேரம் வேண்டும். யுனெஸ்கோ 2004-இல் இந்தக் கோயிலையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அந்தப் பலகையைப் படிக்க ஒரு நிமிஷம் போதும், வளைவைப் பார்க்க ஒரு மணி நேரம் வேண்டும்.

அப்படியானால் இங்கே பஸ்ஸில் போவதுதானே சரி? பெரும்பாலும் ஆமாம். ஜெயங்கொண்டம் வரை பஸ், அங்கிருந்து கோயில் வாசல் வழியாகப் போகும் பஸ் என்று இரண்டு ஏற்றத்தில் போய்ச் சேரலாம். கும்பகோணத்திலிருந்தும் வரலாம், அது முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவில்.

ஆனால் வைகையில் வந்து வைகையில் திரும்புகிறவர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கி, பேருந்து நிலையம் போய், ஜெயங்கொண்டத்தில் மாறி, கோயில் வாசலுக்கு வரும்போது உச்சிவேளை ஆகிவிடும். தமிழ்நாட்டுக் கோயில்களின் வழக்கப்படி பன்னிரண்டு மணியை ஒட்டி நடை சாத்தினால் நாலு மணி வாக்கில்தான் திறக்கும். நாலு மணிக்குத் தரிசனம் பார்த்துவிட்டு மாலை ரயிலுக்கு அரியலூர் வந்து சேர்வது ஆகாத காரியம். அதாவது பஸ்ஸில் போனால் நீங்கள் நாற்பத்தைந்து கிலோமீட்டர் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

என்ன செய்யலாம்? இரண்டு வழி. ஸ்டேஷன் வாசலில் முன்கூட்டியே பேசிவைத்த கார் நின்றால் பதினொரு மணியை ஒட்டிக் கோயிலுக்குள் இருக்கலாம். நடை சாத்துமுன் சுவாமி பார்த்துவிட்டு, பிறகு சுற்றுச்சுவர் சிற்பங்களைப் பார்க்கலாம். கதவை எப்போது சாத்துவார்கள் என்று உள்ளே நுழையும்போதே காவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முந்தின நாள் ராத்திரியே கும்பகோணத்திலோ ஜெயங்கொண்டத்திலோ தங்கி, காலை முதல் பஸ்ஸில் போங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழிதான். காலை ஏழு மணிக்கு அங்கே கூட்டமும் இல்லை, வெயிலும் இல்லை. கிழக்கு வெளிச்சம் விமானத்தின் மேல் ஏறிக்கொண்டிருக்கும்.

வெயில் என்று சொன்னது சும்மா இல்லை. செருப்பை வாசலில் விட்டபின் கருங்கல் தளம்தான். சித்திரை, வைகாசியில் மதியம் கால் வைக்க முடியாது. விரித்திருக்கும் விரிப்பின் மேலேயே நடக்கலாம், ஆனால் விரிப்பு சிற்பங்கள் இருக்கும் பக்கமெல்லாம் போவதில்லை. குழந்தைகளோடு வந்தால் கெட்டியான காலுறை கொண்டு வாருங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் வடக்குப் படிக்கட்டில் ஏறத் தேவையில்லை, சண்டேசரைக் கீழே நின்றே பார்க்கலாம்.

சாப்பாட்டை ஜெயங்கொண்டத்தில் முடித்துக்கொள்வது நல்லது. கோயில் பக்கத்தில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். நேரம் மிச்சமிருந்தால் அருகிலேயே மாளிகைமேடு இருக்கிறது. அரண்மனை இருந்த இடம் என்று தொல்லியல் துறை தோண்டிச் செங்கல் சுவர்களை வெளிப்படுத்தியிருக்கிறது. அத்தனை பெரிய தலைநகரின் மதிலும் மாளிகையும் எங்கே போயின என்று அங்கே நிற்கும்போது கேட்கத் தோன்றும். கோயிலின் சுற்றுமதில் கற்களையே 1836 வாக்கில் கொள்ளிடத்தில் கீழணை கட்ட எடுத்துப் போயிருக்கிறார்கள்.

மேற்குத் திசை: கல்லாகிப்போன மரம்

இங்கே என் பதில் தலைகீழ். தனியாகப் போகாதீர்கள்.

ஆலத்தூர் வட்டத்தில் சாத்தனூர் என்ற கிராமம். அதன் வெளியே வேலி போட்ட இடத்தில் பதினெட்டு மீட்டருக்கு மேல் நீளமான ஒரு மரம் கிடக்கிறது, முழுக்கக் கல்லாக. சுமார் பன்னிரண்டு கோடி ஆண்டுப் பழமை என்கிறார்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-இல் இதை அடையாளம் கண்டு வெளியே சொன்னார். இன்று அது தேசிய நிலவியல் சின்னம்.

மரம் எப்படிக் கல்லாகும்? விழுந்த மரம் கடலடிச் சேற்றில் சட்டென்று புதைந்தால் காற்றுப் படாது, மக்காது. தாதுக்கள் கரைந்த நீர் மரத்துக்குள் மெல்ல ஊறி, மரநார் இருந்த இடத்தில் சிலிக்கா (கண்ணாடியும் மணலும் ஆன அதே பொருள்) படிந்துகொண்டே போகும். மரம் போய்விடும், அதன் உருவம் நின்றுவிடும். உருவம் மட்டும் போகாததால் பட்டையின் வரி வரை கையால் தடவிப் பார்க்கலாம் போலத் தோன்றும். தடவக் கூடாது என்பதற்குத்தான் வேலி.

இதற்கு ஏன் ஆள் வேண்டும்? விளக்கம் சொல்ல ஆளில்லாமல் போனவர்கள் ஐந்து நிமிஷத்தில் திரும்பி வருவதை நானே பார்த்திருக்கிறேன். உடைந்த கல்தூண் மாதிரிதான் முதலில் தெரியும். "இந்த வயற்காட்டுல ஒரு காலத்துல கடல் இருந்துச்சு, இந்த மரம் ஆத்துல அடிச்சு வந்து இங்க விழுந்துச்சு" என்று ஒருவர் கையை நீட்டிச் சொன்னால் அதே கல்லின் முன்னால் அரை மணி நேரம் நிற்பீர்கள். பக்கத்திலுள்ள காரை கிராமத்துப் பள்ளத்தாக்குகளும் அப்படித்தான். மழைநீர் அரித்த வெறும் செம்மண் மேடு என்று நினைத்துவிடலாம். பழைய கடலடி வண்டல்தான் அது என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

இன்னொரு காரணம், வண்டி. சாத்தனூருக்குப் பஸ் இல்லாமல் இல்லை. ஆனால் கிராமப் பஸ்ஸுக்கு நேரம் உண்டு, அடுத்தது எப்போது என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். ரயில் நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே காத்து நிற்பது மனசுக்கு நல்லதில்லை. நான் ஒருமுறை அப்படி நின்றேன். கல்மரத்தைப் பார்த்தது நாற்பது நிமிஷம், பஸ்ஸுக்கு நின்றது இரண்டு மணி நேரம்.

அழைத்துப் போகிறவருக்கு விவரம் தெரியுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவாரா என்று கேளுங்கள். கீழப்பழுவூர்ப் பக்கம் இருக்கும் அந்த அருங்காட்சியகத்தில் அம்மோனைட் (சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்து அழிந்துபோன கடல் உயிர், ஓடு ஆட்டுக்கடாவின் கொம்பு போல வளைந்திருக்கும்) முதலிய பலவற்றைப் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே கண் பழகிவிட்டால் காட்டில் கிடக்கும் கல்லிலும் அடையாளம் தெரியும். அதன் பிறகு சாத்தனூர். இந்த வரிசையைச் சொல்கிறவர் விவரம் தெரிந்தவர். அருங்காட்சியகமா, அது எங்கே என்று கேட்பவரோடு போனால் வண்டி வாடகைதான் மிச்சம்.

2020-இல் குன்னம் பக்கம் ஏரியில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தபோது டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் பேச்சு. படம் செல்போன் செல்போனாகப் பரவியது. ஆராய்ந்தவர்கள் அவை முட்டை இல்லை, அம்மோனைட்டைச் சுற்றித் தாது திரண்ட உருண்டைகள் என்றார்கள். அந்தப் பக்கம் யாராவது உங்களிடம் டைனோசர் முட்டை விலைக்கு வேண்டுமா என்று கேட்டால் வாங்காதீர்கள். தரையில் கிடப்பதையும் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். கல்லாகக் கிடப்பதை எடுத்தால் என்ன என்று தோன்றும். எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் வயதே தெரியும். உங்கள் வீட்டு அலமாரியில் அது வெறும் கல்.

சுண்ணாம்புச் சுரங்கப் பள்ளங்களுக்குள் இறங்குவதும் வேண்டாம். அங்கே புதைபடிவம் நிறையக் கிடைக்கும் என்று சொல்லி அழைப்பவர்கள் உண்டு. அனுமதி இல்லாத இடம், சரிவு எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. சாலையிலும் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இந்தத் திசைக்கு இருசக்கர வண்டி வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்டால், பழக்கமில்லாதவர்கள் வேண்டாம் என்பேன்.

தெற்குத் திசை: பழுவூரும் பறவைகளும்

இங்கே பாதி பாதி. தஞ்சாவூர் சாலையில் கீழப்பழுவூர் வரை பஸ் அடிக்கடி உண்டு, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்குப் பழுவேட்டரையர் என்ற பெயரே போதும். கீழப்பழுவூரில் ஆலந்துறையார் கோயில் தேவாரப் பாடல் பெற்றது. மேலப்பழுவூரை அடுத்த கீழையூரில் ஒரே வளாகத்துக்குள் இரட்டைக் கோயில், அவனிகந்தர்ப்ப ஈசுவரகிருகம் என்பது பழைய பெயர். ராஜராஜனுக்கும் முந்திய முற்காலச் சோழர் காலத்தது. பெரிய கோயில்களைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இது சின்னதாகத் தெரியும். சின்னதாக இருப்பதால்தான் ஒவ்வொரு தூணையும் பக்கத்தில் போய்ப் பார்க்க முடிகிறது. பஸ்ஸில் போய் இறங்கி ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிடாமல் காத்திருக்கச் சொல்லி, அதற்கும் சேர்த்துக் காசு பேசிவிடுங்கள்.

கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் மட்டும் வேறு கதை. சுமார் 450 ஹெக்டேர் ஏரி, 1999-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் ராம்சர் பட்டியலில் (உலக அளவில் காக்க வேண்டிய நீர்நிலைகளின் பட்டியல்) சேர்ந்தது. இமயமலைக்கு மேலாகப் பறந்து வரும் வரித்தலை வாத்து இங்கே வந்து தங்குகிறது. எப்போது வந்தால் பார்க்கலாம்? கார்த்திகை முதல் மாசி வரை. ஆடியில் வேன் சுற்றுலா நிரலில் கரைவெட்டி இருந்தால், அந்த நிரல் போட்டவர் பறவை பார்க்காதவர்.

நாளின் நேரமும் முக்கியம். விடியலிலும் மாலையிலும்தான் பறவைகள் கிளம்பும், அடங்கும். ரயிலில் வந்து நடுப்பகலில் போனால் தூரத்துத் தண்ணீரில் புள்ளிகள் தெரியும், அவ்வளவுதான். பறவைதான் குறி என்றால் ஒரு ராத்திரி தஞ்சாவூரிலோ அரியலூரிலோ தங்கி, விடியுமுன் காரில் போங்கள். இரவல் வாங்கியாவது ஒரு தொலைநோக்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

இதே திசையில் கொள்ளிடக் கரையில் திருமழபாடியும் ஏலாக்குறிச்சியும் இருக்கின்றன. இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்றுத் தேம்பாவணி எழுதிய வீரமாமுனிவரின் ஊராக ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலைச் சொல்வார்கள். திருமானூர் வழியாகப் பஸ்ஸில் போய் வரலாம், அவசரமில்லாதவர்களுக்கு.

நெடுஞ்சாலைத் திசை: சிறுவாச்சூரும் ரஞ்சன்குடியும்

பெரம்பலூர் நகருக்கு ரயில் கிடையாது. ரயிலில் வருபவர்கள் அரியலூரில் இறங்கி முப்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வர வேண்டும். சென்னை, திருச்சிக்காரர்கள் நேராக நெடுஞ்சாலைப் பஸ்ஸிலேயே வந்துவிடுவது லாபம்.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குக் கிளம்புமுன் கிழமையைப் பாருங்கள். வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பு, சில விசேஷ நாட்கள் தவிர. குலதெய்வம் கும்பிட வரும் குடும்பங்களுக்கு இது தெரியும். ஊர் சுற்ற வருகிறவர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை வந்து ஏமாந்து போகிறார்கள்.

பஸ்ஸில் போனால் இன்னொரு சங்கடம். நெடுஞ்சாலையில் ஓடும் பஸ் எல்லாம் எல்லா ஊரிலும் நிற்காது.

"அண்ணே, சிறுவாச்சூர்ல நிக்குமாண்ணே?"

"நிக்காதும்மா, இது பாயிண்ட் டு பாயிண்ட். பின்னாலயே டவுன் பஸ் வருது, அதுல வாங்க."

ஏறுமுன் இந்த ஒரு கேள்வியைக் கேட்காதவர்கள் ஊர் தாண்டி இறங்கித் திரும்பி வருகிறார்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இன்னொரு வசதி. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அரியலூர்–ஜெயங்கொண்டம் போன்ற வெளியூர்ப் பஸ்களுக்கு அது பொருந்தாது, ஏறும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

ரஞ்சன்குடிக் கோட்டை பெரம்பலூருக்கு வடக்கே, சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே. விலக்கில் இறங்கி நடந்துவிடலாம். 1751-இல் ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலிக்கும் பிரெஞ்சுக்காரர் ஆதரித்த சந்தா சாகிபுக்கும் வாலிகண்டபுரம் பக்கம் நடந்த சண்டையில் இந்தக் கோட்டையின் பெயரும் வருகிறது. கோட்டைக்குக் கோயில் மாதிரி மதிய நடைசாத்தல் இல்லை. ஆனால் மேலே நிழலும் இல்லை. தண்ணீர் பாட்டிலோடு ஏறுங்கள். வாலிகண்டபுரம் வாலீசுவரர் கோயிலையும் சேர்த்துப் பார்த்தால் அரை நாள். இந்தத் திசைக்கு வேன் பேசுவது காசுக்குக் கேடு.

வண்டி பேசுவதென்றால் என்ன கேட்க வேண்டும்?

முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகை. வெள்ளைப் பலகை வண்டி சொந்த உபயோகத்துக்கு. "நம்ம சொந்த வண்டிதான், குறைச்சு வாங்கிக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் குறைவது வாடகை மட்டும் இல்லை. வாடகைக்கு ஓட்ட அனுமதி இல்லாத வண்டியில் விபத்து என்றால் காப்பீட்டுக்காரர் கையை விரித்துவிடக்கூடும். லாரி ஓடும் சாலையில் இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது கணக்கு. நாள் வாடகையா, கிலோமீட்டர் கணக்கா? கிலோமீட்டர் என்றால் எங்கிருந்து எண்ணுகிறார்கள்? "ஷெட் டு ஷெட்" என்றால் வண்டி அவர்கள் கொட்டகையிலிருந்து கிளம்பிய நிமிஷத்திலிருந்து திரும்பிப் போய் நிற்கும் வரை உங்கள் கணக்கு. பெரம்பலூர் வண்டியை அரியலூர் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால், நீங்கள் ஏறாத அறுபது கிலோமீட்டருக்கும் நீங்கள்தான் கொடுப்பீர்கள். அரியலூர் வண்டியைப் பேசுங்கள். டிரைவர் பேட்டா (சாப்பாட்டுப்படி), சுங்கச்சாவடிக் கட்டணம், பார்க்கிங் இதெல்லாம் சேர்த்தா, தனியா என்றும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஏற்பாட்டுச் சுற்றுலாவில் சேருவதென்றால் எத்தனை இடம் என்று கேட்காதீர்கள், ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நிமிஷம் என்று கேளுங்கள். ஒன்பது இடம் காட்டுகிற நிரலைவிட மூன்று இடம் காட்டுகிற நிரல் மேல்.

நான்கு பேராக வந்தால் கார் வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், தாங்கக்கூடிய தொகைதான் வரும். தனியாக ஒருவர் என்றால் பஸ்ஸும் ஆட்டோவும். பெரியவர்களைக் கூட்டி வந்தால் எந்தத் திசையானாலும் கார். பஸ்ஸில் நின்றுகொண்டு வருவது ஒரு பக்கம், சுத்தமான கழிப்பறைக்காக நினைத்த இடத்தில் நிறுத்த முடிவது இன்னொரு பக்கம். பெண்கள் தனியாக வந்தால் பகலில் பேருந்து வழியிலுள்ள இடங்களுக்குத் தயங்க வேண்டியதில்லை. சாத்தனூர், காரை, கரைவெட்டி போன்ற ஆளரவம் குறைந்த இடங்களுக்குத் துணையோடு போங்கள்.

இவ்வளவு பார்த்தும் மாலை ரயில் போய்விட்டால்?

கப்பலைத் தவறவிட்ட பயணிக்கு வரும் கஷ்டம் உங்களுக்கு வராது. அரியலூரிலிருந்து திருச்சிக்குப் பஸ் உண்டு, அடுத்தடுத்த ரயில்களும் உண்டு. திருச்சி பஸ் எங்கே இறக்கிவிடும் என்று மட்டும் கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மதுரை போகும் பஸ்கள் 2025 முதல் பஞ்சப்பூர் முனையத்திலிருந்து கிளம்புகின்றன, இறங்குகிற இடத்திலிருந்து அங்கே இன்னொரு டவுன் பஸ் ஏற வேண்டியிருக்கும். மதுரைக்கு ராத்திரி முழுக்க வண்டி ஓடுகிறது. ஏறுமுன் திருச்சியிலேயே இரண்டு இட்லி சாப்பிட்டுவிடுங்கள், வழியில் பஸ் எங்கே நிறுத்தும் என்று சொல்ல முடியாது.